எட்டு நாள், பத்து வீடு: ஒரு வேல்யூவரோட பயணக் குறிப்பு

முதல் நாள்

காலைல அஞ்சரை மணி பஸ். பையில லேசர் மீட்டர், அது மக்கர் பண்ணா கைக்கு ஒரு ஸ்டீல் டேப், ஈரம் பாக்குற மீட்டர், டார்ச், பேடு, ரெண்டு பென்சில். வீடு மதிப்பு போடுற வேலைக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. பேங்க் கடன் குடுக்குறதுக்கு முன்னாடி அந்த வீடு என்ன பெறும்னு நேர்ல போய் பாத்து எழுதிக் குடுக்கணும், அவ்வளவுதான் வேலை. வழக்கமா காலைல கிளம்பினா சாயங்காலம் வீடு திரும்பிடுவேன். இந்த தடவை தொடர்ச்சியா எட்டு நாள், ஊர் ஊரா பத்து வீடு.

ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்துல எல்லா ரூமுக்குள்ளயும் போயிடுவேன், மாடிப்படிக்குக் கீழ, லாஃப்ட்டுக்கு மேல, பாத்ரூம் மூலைல டார்ச் அடிச்சுன்னு. சொந்தக்காரங்களே பல வருஷமா ஹாலோட உக்காந்து பேசிட்டு திரும்புற வீட்ல, முன்னபின்ன தெரியாத நான் படுக்கையறை ஜன்னல் கொக்கி வரைக்கும் தொட்டுப் பாத்துட்டு வந்துடுறேன். அதுக்கப்புறம் அவங்கள திரும்ப பாக்கப் போறதே இல்ல. இத்தனை வருஷத்துல வீடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து போச்சு, ஆளுங்க மட்டும் அப்படியே நிக்கிறாங்க. அதனாலதான் இந்த தடவை ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி எழுதிப் போடலாம்னு. பேரு, ஊரு, மதிப்பு எதையும் எழுத மாட்டேன், அது அவங்க வீட்டு விஷயம்.

இன்னைக்கு முதல் வீடு சீக்கிரம் முடிஞ்சுது. ரெண்டாவது வீட்ல பெரியவர் ஒருத்தர், எழுபது தாண்டியிருக்கும், வாசல்லயே நின்னுட்டிருந்தார், கையில ஒரு பழைய துணி டேப். நான் ஒரு சுவத்துல லேசர் அடிச்சா அவரும் அதே சுவத்த டேப்ல பிடிச்சுப் பாக்குறார். சில பேரு நம்பிக்கை இல்லாம அப்படி பண்ணுவாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா இவர் பாத்தது என்னை இல்ல, டேப்பை. "துணி டேப் இழுத்தா நீளும் தம்பி, வயசாச்சுல்ல இதுக்கும், எவ்வளவு பொய் சொல்லுதுன்னு பாக்குறேன்"னார். ஸ்டீல் டேப்பும் கொஞ்சம் பொய் சொல்லும்யா, 30 மீட்டர் டேப்புக்கு 10 டிகிரி சூடு ஏறினா மூணரை மில்லிமீட்டர் கிட்ட நீளும்னு சொன்னேன். அவருக்கு அது ரொம்ப பிடிச்சுப் போச்சு. கையில பிடிச்சு அளக்குற லேசர் 1993-லதான் வந்துச்சு, லைக்கா கம்பெனி விட்டதுன்னு சொன்னதும், "நான் இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் குறிக்க நூல் கட்டினது அதுக்கு முன்னாடி"னார். அப்பதான் தெரிஞ்சுது, மேஸ்திரி. அவரே கட்டின வீடு.

பெரிய ரூம் 12 அடிக்கு 16 அடி. அளந்து எழுதிட்டு நகரப் போனேன், கையப் பிடிச்சு நிறுத்திட்டார். "மூலைக்கு மூலை பிடிங்க." பிடிச்சேன். 12-க்கு 16-ன்னா மூலைவிட்டம் சரியா 20 அடி வரணும், கட்டட வேலைல இருக்கிறவங்களுக்கு மூணு நாலு அஞ்சு கணக்கு மனப்பாடம், பக்கம் மூணும் நாலும்னா மூலைவிட்டம் அஞ்சு. 20 அடி ஒன்றரை இன்ச் காட்டுச்சு. எதிர் மூலைக்குப் பிடிச்சா 19 அடி பத்தரை இன்ச். ரூம் கோணியிருக்கு. ஒரு பக்கம் ரெண்டு இன்ச் ஓடியிருக்கு, கண்ணுக்குத் தெரியாது, பூச்சு அவ்வளவு சுத்தம்.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு, அவசரத்துல சாயங்காலம் நூல் கட்டிட்டேன். மறுநாள் காலைல அஸ்திவாரம் போட்டுட்டு பாக்குறேன், ஓடியிருக்கு. கூட இருந்தவங்க பூச்சுல மறைச்சுக்கலாம்னாங்க. மறைச்சுட்டேன். ஊர்ல எத்தனையோ வீட்டுக்கு மூலைமட்டம் வச்சு ஒரு நூல் பிசகாம குடுத்தேன், என் வீட்டுக்கு இப்படி." சொல்லிட்டு என் பேடை காட்டி, "எழுதிக்கோங்க"ன்னார்.

ஐயா, இதனால மதிப்பு குறையாது, இதுக்குன்னு ரிப்போர்ட்ல கட்டமும் கிடையாதுன்னு சொன்னேன். வீட்டுல இருக்கிற குறையை மறைக்கிறதுக்கு படாத பாடு படுற ஆளுங்கள எத்தனையோ பாத்திருக்கேன், அலமாரியைத் தள்ளி விரிசல மூடுவாங்க, காலண்டரை மாட்டி ஓதத்த மூடுவாங்க. எழுதச் சொல்லி நிக்கிற ஆளு இவர்தான் முதல். "நீங்க எழுதாம விட்டா நான் இன்னொரு தடவை மறைச்ச மாதிரி ஆயிடும் தம்பி." பாக்குறேன் ஐயான்னு சொல்லிட்டு வந்துட்டேன். பஸ்ல வரும்போது முழுக்க அந்த ரெண்டு இன்ச்தான் மனசுல.

ரெண்டாம் நாள்

ஒரே வீடு, ஆனா ரெண்டு தடவை சுத்திக் காட்டினாங்க.

கணவன் மனைவி பிரியிறாங்க, வீட்டை யாரு வச்சுக்கிறது, மத்தவங்களுக்கு எவ்வளவு குடுக்கிறதுன்னு முடிவு பண்றதுக்கு மதிப்பு. இந்த மாதிரி வீட்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இருக்க மாட்டாங்க. காலைல அந்தம்மா, அவங்க கிளம்பினதும் அவர். வீட்டை வச்சுக்கப் போறவங்க குறையை காட்டுவாங்க, பங்கு வாங்கிட்டுப் போறவங்க நிறையை காட்டுவாங்க, இதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. யார் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்காம இருக்கிறது என் வேலைக்கு நல்லது, ஆனா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும். அவர் மொட்டை மாடியில சிலாப் அடில கம்பி துரு பிடிச்சு கான்கிரீட் உதிர்ந்த இடத்த கை நீட்டிக் காட்டினார், உண்மையாவே அது கவனிக்க வேண்டியதுதான், கம்பி துரு பிடிச்சா உள்ளயே பருத்து கான்கிரீட்டை வெளிய தள்ளும், விட்டுட்டா பரவிடும். அந்தம்மா கிழக்கு ஜன்னல் வெளிச்சத்த காட்டினாங்க. அதுவும் உண்மைதான்.

நான் எழுத வந்தது இதை இல்ல. மாடிக்குப் போற படியில மூணாவது படி மட்டும் ஒசரம் ஜாஸ்தி. மத்த படியெல்லாம் ஏழு இன்ச், இது எட்டரை. படிக்கட்டு கணக்கு ரொம்ப பழசு, 17-ம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல பிளாண்டெல்னு ஒருத்தர் மனுஷன் நடையை வச்சு படியோட ஒசரத்துக்கும் கால் வைக்கிற அகலத்துக்கும் விகிதம் போட்டு எழுதி வச்சுட்டார், இன்னைக்கும் அதுல இருந்துதான் கணக்கு போடுறாங்க. அந்த விகிதம் கொஞ்சம் முன்னபின்ன இருந்தாக்கூட கால் பழகிக்கும். ஒரு படி மட்டும் மாறினாதான் இடறும், ஏன்னா முத ரெண்டு படியிலேயே கால் ஒசரத்த மனப்பாடம் பண்ணிடுது.

காலைல அந்தம்மா முன்னாடி ஏறிட்டே, திரும்பிப் பாக்காம, "மூணாவது படி, பாத்து"ன்னாங்க. மத்தியானம் அவர் முன்னாடி ஏறிட்டே, திரும்பிப் பாக்காம, "மூணாவது படி, பாத்து." அதே வார்த்தை, அதே இழுப்பு, ரெண்டு பேரும் இடது கையை பின்னாடி லேசா நீட்டினாங்க, விழுந்தா பிடிக்கிற மாதிரி. வீட்டுக்கு வந்த எல்லார்கிட்டயும் பல வருஷமா சேர்ந்து சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் கேட்டுக் கேட்டு குரலே ஒண்ணாயிடுச்சு போல. ரெண்டு பேருக்கும் அது தெரியாது. சொல்லணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, சொல்லல. நான் யாரு சொல்றதுக்கு.

மூணாம் நாள்

மூணு வீடு அளந்தேன், ரெண்டுதான் என் வேலை.

இது என் தப்பு. இந்த வேலைல முதல் படியே சொத்து இதுதானான்னு உறுதி பண்றது, பத்திரத்துல இருக்கிற நாலு எல்லையையும் நேர்ல பாத்து ஒத்துப் போகுதான்னு சரிபாக்கணும், அப்புறம்தான் டேப்பையே எடுக்கணும். இன்னைக்கு பஸ் லேட், வெயில், தெருவுல நம்பர் வரிசையா இல்ல. கதவைத் தட்டினேன், வயசான ஒரு அம்மா திறந்தாங்க, "வீடு அளக்க வந்திருக்கேம்மா"ன்னேன், "வாப்பா"ன்னு உள்ள விட்டாங்க. முன் ரூம், பின் ரூம், அடுப்படி, எல்லாம் அளந்தேன். அவங்க ஒவ்வொரு ரூமுக்கும் எனக்கு முன்னாடி போய் லைட்டைப் போட்டு, வழியில இருந்த ஸ்டூலை நகர்த்தி, சுவத்த ஒட்டி நின்னுட்டிருந்தாங்க. கடைசில பத்திரக் காப்பியை எடுத்து பேரைக் கேக்கும்போதுதான் தெரிஞ்சுது. "அது பின்னாடி தெரு தம்பி."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. ஏம்மா முதல்லயே சொல்லலன்னு கேட்டேன். "நீங்க வீடு அளக்கணும்னீங்க. என் வீட்ட யாரும் அளந்ததில்ல, நான் இருக்கிற வரைக்கும் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கலாமேன்னு இருந்துட்டேன்." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "எவ்வளவு வருது?"

எங்க போனாலும் இதே கேள்வி வரும், எல்லா வீட்லயும் வாயை மூடிக்கணும். கேட்டது பேங்க், அதனால பதிலும் பேங்குக்குத்தான், வீட்டுக்காரங்களே நேர்ல கேட்டாலும் சொல்லக்கூடாது. ஆனா இந்த வீட்டுக்கு யாரும் என்னை அனுப்பல. உக்காந்து நிதானமா கூட்டினேன். "உள் அளவு 612 சதுர அடி வருதும்மா. சதுர மீட்டர்ல 57-க்கு கொஞ்சம் கீழ." அறுநூத்திப் பன்னெண்டுன்னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டாங்க. ஒரு பேப்பர்ல வரைபடம் போட்டு ஒவ்வொரு ரூம் அளவும் எழுதி குடுத்துட்டு வந்தேன். இந்த வருஷத்துல நான் போட்ட படத்துலயே சுத்தமான படம் அதுதான், ஸ்கேல் வச்சு கோடு போட்டேன்.

அப்புறம் பின்னாடி தெருவுக்கு ஓடி சரியான வீட்டையும், சாயங்காலம் இன்னொண்ணையும் முடிச்சேன். ரெண்டுலயும் எழுத ஒண்ணுமில்ல.

நாலாம் நாள்

இன்னைக்கு நடந்தது கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

வீடு ஒரு அம்மா பேர்ல இருக்கு, கடன் கேக்கிறது மகளும் மருமகனும். அந்தம்மாவுக்கு கண் தெரியாது. மருமகன்தான் சுத்திக் காட்டுறதா இருந்தார், ஆனா அந்தம்மா எழுந்து கோலை எடுத்துக்கிட்டு, "என் வீட்டை நான்தான் காட்டுவேன்"ன்னுட்டாங்க. காட்டினாங்க. எனக்கு முன்னாடி விறுவிறுன்னு நடந்தாங்க, வாசப்படில இருந்து இருபத்திரெண்டு அடி வச்சா அடுப்படி, அதுல பதினாலாவது அடில இடது பக்கம் கதவுன்னு சொல்லிட்டே.

ஹால் நடுவுல நின்னு கோலால தரையைத் தட்டி, "இந்த நாலு கல்லு பொய் சத்தம் போடும், கேளுங்க"ன்னாங்க. தட்டினா உண்மையாவே டொக்குனு வெத்து சத்தம். டைல்ஸ் ஒட்டும்போது அடில கலவை முழுசா பரவாம காத்து நின்னுட்டா அந்த சத்தம் வரும், ஒரு நாள் பாரமா எதாவது விழுந்தா அங்கதான் உடையும். நானும் பையில ஒரு சின்ன இரும்புக் கம்பி இதுக்குன்னே வச்சிருக்கேன், ஆனா சந்தேகப்பட்ட இடத்துலதான் தட்டுவேன். அவங்க கோல் தினமும் தரை முழுக்கத் தட்டுது. பூச்சு விலகி நிக்கிற இடம் கூட அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, பின் ரூம் சுவத்துல கை வச்சு, இதுல ஒரு முழம் அகலத்துக்கு உள்ள ஒட்டலன்னாங்க. கம்பியால தட்டிப் பாத்தேன், ஒரு முழம்தான்.

பாத்ரூமை ஒட்டின சுவர்கிட்ட வந்ததும் நின்னாங்க. "இங்க எப்பவும் ஒரு குளுமை இருக்கும். நேத்து பெயிண்ட் அடிச்சாங்க, நீங்க வர்றீங்கன்னு." மருமகன் தரையைப் பாத்தார். பாவம், அவர் ஒண்ணும் ஊர்ல இல்லாத வேலை பண்ணல. ஈர மீட்டர் வச்சேன், ரெண்டு ஊசிக்கு நடுவுல மின்சாரம் எவ்வளவு ஓடுதுன்னு பாத்து ஈரத்த சொல்ற கருவி அது, சுவத்துல உப்பு பூத்திருந்தாலும் ஏமாத்தும், அதனால நாலு இடத்துல வச்சுப் பாக்கணும். நாலு இடத்துலயும் கத்துச்சு. குழாய் எங்கயோ கசியுது. அந்தம்மாவுக்கு மீட்டர் சத்தம் கேட்டதும் முகத்துல ஒரு திருப்தி, "நான் ரெண்டு வருஷமா சொல்றேன்"னு மகள் நிக்கிற பக்கம் திரும்பிச் சொன்னாங்க.

முடிச்சு கிளம்பும்போது கூப்பிட்டாங்க. "தம்பி, நீங்க எல்லா இடத்தையும் பாத்தீங்கல்ல. மேல எப்படி இருக்கு?"

மொட்டை மாடியான்னு கேட்டேன். இல்ல, கூரை. உள்ள இருந்து அண்ணாந்து பாத்தா தெரியுமே அது. இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அவங்களுக்குப் பார்வை போயிடுச்சு. சுவரு, தரை, கதவு, அலமாரி எல்லாம் கையால பாத்தாச்சு. "கைக்கு எட்டாதது அது ஒண்ணுதான்."

சைட் விசிட்ல நான் கூரையைத்தான் முதல்ல பாப்பேன், ஒழுகல், வெடிப்பு, கம்பி துரு எல்லாம் அங்கதான் எழுதியிருக்கும். ஆனா யாருக்கும் வார்த்தையா சொன்னதில்ல. ஹால் நடுவுல அவங்க பக்கத்துல நின்னு அண்ணாந்து பாத்து சொல்ல ஆரம்பிச்சேன். வெள்ளைதாம்மா, ஆனா ஓரத்துல கொஞ்சம் பழுப்பு ஏறியிருக்கு. ஃபேன் கொக்கியைச் சுத்தி கொத்தனார் பூசுபலகையை வட்டமா ஓட்டின தடம் இன்னும் தெரியுது, தட்டு சைஸ்ல. கொக்கியில இருந்து ஜன்னல் பக்கமா தலைமுடி கனத்துல ஒரு விரிசல் ஓடுது, பூச்சு காயும்போது சுருங்கினது, பயப்பட ஒண்ணுமில்ல. மேற்கு மூலைல பலகை அடிச்ச அச்சு, மரத்தோட ரேகை கூட கான்கிரீட்ல பதிஞ்சிருக்கு. "மரத்து ரேகையா?"ன்னாங்க. ஆமாம்மா, கான்கிரீட் ஊத்தும்போது கீழ பலகை தாங்கியிருக்கும்ல, அதோட ரேகை. ரூம் ரூமா போனோம். எல்லா ரூம்லயும் அவங்களும் என்னோட சேர்ந்து தலையைத் தூக்கியே நின்னாங்க. முக்கால் மணி நேர வேலை, ரெண்டு மணி நேரம் ஆச்சு, அடுத்த பஸ் போயிடுச்சு. அதுக்கு அடுத்த பஸ்ல வந்தேன்.

அஞ்சாம் நாள்

புது அபார்ட்மெண்ட், ஒரே கட்டடத்துல ரெண்டு வீடு, ரெண்டும் காலி. சாவியைக் குடுத்துட்டுப் போன பையன் போன்ல பேசிட்டே இருந்தான். ஆளே இல்லாத வீட்ல அளவு சீக்கிரம் முடிஞ்சிடும்.

தனியா நிக்கும்போது ஒண்ணு தோணுச்சு. சந்தை மதிப்புக்கு உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் இலக்கணம் வச்சிருக்காங்க. வாங்க விருப்பமுள்ள ஒருத்தர், விக்க விருப்பமுள்ள ஒருத்தர், ரெண்டு பேருக்கும் நடுவுல சொந்தபந்தம் இல்ல, ரெண்டு பேருக்கும் விவரம் தெரியும், நிதானமா முடிவு எடுக்குறாங்க, யாருக்கும் எந்தக் கட்டாயமும் இல்ல, அப்ப என்ன விலை படியும்? அதான் சந்தை மதிப்பு. பக்கத்துல வித்த வீடுகளோட ஒப்பிட்டுப் போட்டாலும், இன்னைக்குக் கட்டினா என்ன செலவாகும்னு போட்டு தேய்மானத்தைக் கழிச்சாலும், வாடகை வருமானத்தை வச்சுப் போட்டாலும், கடைசில அந்த ரெண்டு பேரு ஒத்துக்கிற விலையத்தான் தேடுறோம். பத்து வருஷத்துக்கு மேல தினமும் அந்த ரெண்டு பேருக்காகத்தான் எழுதுறேன். அவங்கள ஒரு வீட்லயும் பாத்ததில்ல. நான் பாக்குற ஒவ்வொருத்தருக்கும் ஒரு கட்டாயம் இருக்கு.

ஆறாம் நாள்

நேத்து அப்படி எழுதினேன், இன்னைக்கு அதுக்குன்னே போன மாதிரி ஒரு வீடு.

கடன் கட்ட முடியாம பேங்க் எடுத்துக்கிற வீடு. இதுக்கு சந்தை மதிப்போட இன்னொரு மதிப்பும் எழுதணும், அவசரத்துல கட்டாயமா வித்தா என்ன கிடைக்கும்னு. இந்த மாதிரி வீடுகளுக்குப் போகும்போது வயித்துக்குள்ள ஒரு பிசைவு இருக்கும். கோவத்துல குழாயை உடைச்சு வச்ச வீடு பாத்திருக்கேன், ஸ்விட்ச் போர்டை பிடுங்கிட்டுப் போன வீடு பாத்திருக்கேன். அவங்க கோவம் எனக்குப் புரியாம இல்ல.

இந்த வீடு கழுவித் தொடைச்சு வச்சிருந்துச்சு. அவர் மட்டும் இருந்தார், நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், குடும்பத்தை முன்னாடியே அனுப்பிட்டாராம். நான் கேமராவை எடுத்ததும், "ஒரு நிமிஷம் சார்"னுட்டு ஒவ்வொரு ரூமா போய் எல்லா லைட்டையும் போட்டார். ஒரு பல்பு எரியல. போய் ஸ்டூல் கொண்டு வந்து வேற ரூம்ல இருந்து பல்பைக் கழட்டி இங்க மாட்டி, நான் படம் எடுத்ததும் திரும்ப அங்க கொண்டு போய் மாட்டினார்.

வேலை முடிஞ்சதும் நாலா மடிச்ச ஒரு பேப்பரைக் குடுத்தார். நோட்டுல இருந்து கிழிச்ச தாள், ரெண்டு பக்கமும் எழுத்து. மோட்டார் வால்வை ரெண்டு சுத்து மட்டும் திறக்கணும், மூணு சுத்து போனா தண்ணி திரும்பிடும். அடுப்படி குழாய் வாஷர் மாத்தியாச்சு, தேதி போட்டிருந்தார். பின் கதவு மழைக்காலத்துல ஊறும், கீழ்ப்பக்கம் தூக்கித் தள்ளணும். மாடித் தொட்டி எப்ப கழுவினது. எந்த ஸ்விட்ச் எந்த ஃபியூஸ். இப்படி முப்பது வரி இருக்கும். "புதுசா வர்றவங்களுக்குக் குடுத்துடுங்க சார், அவங்க கஷ்டப்படக்கூடாது."

புதுசா யார் வருவாங்கன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் போறதில்ல. வீட்ல இருந்து ஒரு துண்டுக் காகிதம் கூட நான் எடுத்துட்டுப் போகக்கூடாது, ரிப்போர்ட்லயும் சேக்க முடியாது. இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நின்னேன். அப்புறம் யோசிச்சுட்டு, அண்ணே, இதை மீட்டர் பாக்ஸ் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கன்னேன். வீடு யார் கைக்குப் போனாலும் முதல்ல திறக்கிறது அதைத்தான். அவர் நாலு பக்கமும் டேப் போட்டு, காத்து போகாம தேய்ச்சு ஒட்டினார். எனக்கு மின்சார மீட்டர் படம் ஒண்ணு கட்டாயம் எடுக்கணும், ரிப்போர்ட்ல அதுக்கு இடம் இருக்கு. கதவை நல்லா திறந்து வச்சு எடுத்தேன். எழுத்து படிக்கிற அளவுக்கு வந்திருக்கான்னு பெரிசு பண்ணிப் பாத்துட்டுத்தான் கிளம்பினேன்.

ஏழாம் நாள்

வாடகைக்கு விட்ட வீடு. சொந்தக்காரர் வேற ஊர்ல, போன்ல பேசினதோட சரி. வீட்ல இருக்கிறது ஒரு பொண்ணு, கைக்குழந்தை. கதவைத் திறந்ததும் கேட்டாங்க, "வீட்ட விக்கப் போறாங்களா அண்ணா?"

எனக்குத் தெரியும். எதுக்காக மதிப்புன்னு கேக்காம வேலையை ஆரம்பிக்கவே முடியாது. ஆனா சொல்லக்கூடாது. சொந்தக்காரர்கிட்ட கேட்டுக்கோங்கம்மான்னேன். அவங்க அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல. குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு எல்லாத்தையும் காட்டினாங்க, சொந்தக்காரருக்கே தெரியாத விஷயமெல்லாம், எந்த ஜன்னல் வழியா சாரல் அடிக்கும், எந்த நேரத்துல தண்ணி வேகம் குறையும், லிண்டல் மேல, அதான் ஜன்னலுக்கு மேல போடுற கான்கிரீட் பட்டை, அங்க இருக்கிற விரிசல் வெயில் காலத்துல விரியும் குளிர்ல மூடும்னு. அது நல்ல தகவல், கூடிக் குறையிற விரிசல் வேற, கூடிட்டே போற விரிசல் வேற, ஒரே நாள் வந்து பாக்குற என்னால அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ரிப்போர்ட்ல 'குடியிருப்பவர் கூற்றுப்படி'ன்னு போட்டு எழுதியிருக்கேன். அவங்க இருக்கிற வீட்டைப் பத்தி எழுதுற காகிதத்துல அவங்களுக்கு அந்த ரெண்டு வார்த்தைதான் இடம்.

கிளம்பும்போது குழந்தை என் லேசரோட சிவப்புப் புள்ளியை சுவத்துல பாத்துச் சிரிச்சுது. அவங்களும் சிரிச்சாங்க, என்கிட்ட கோவமே இல்லாம. நான் தெரு முனை திரும்புற வரைக்கும் பின்னாடி பாக்கல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்க வேற வீடு தேட ஆரம்பிச்சிருப்பாங்க. சொல்லியிருந்தா என்னை நம்பி விவரம் குடுத்தவருக்குத் துரோகம். ரெண்டும் தெரிஞ்சுதான் இருக்கு, தூக்கம் வரல.

எட்டாம் நாள்

திரும்பி வர்ற ரயில். ஜன்னல் சீட், மடியில லேப்டாப், பத்து ரிப்போர்ட்.

வீட்டுக்கு ரெண்டு வயசு எழுதுவோம். கட்டி எத்தனை வருஷம்னு ஒண்ணு, பராமரிப்பை வச்சு இப்ப எத்தனை வருஷத்து வீடு மாதிரி இருக்குன்னு ஒண்ணு. மேஸ்திரி வீட்டுக்கு ரெண்டாவது வயசு நல்லாவே குறைஞ்சுது, அந்த அளவுக்கு வச்சிருக்கார். பல்பைக் கழட்டி மாட்டினவர் வீட்டுக்கும் குறைஞ்சுது. அவருக்கு அதனால இனிமே ஒண்ணும் ஆகப் போறதில்ல. குறைச்சுத்தான் போட்டிருக்கேன், அது உண்மை. மீட்டர் பாக்ஸ் படம் பதினோராவது படம். பேங்க்ல யாராவது ஏன் இவ்வளவு கிட்டக்க எடுத்தீங்கன்னு கேட்டா சொல்லிக்கலாம்.

கண் தெரியாத அம்மா வீட்டு ரிப்போர்ட்ல கூரைன்னு வர்ற கட்டத்துல எப்பவும் 'திருப்திகரம்'னு ஒரே வார்த்தை போடுவேன். இன்னைக்கு அந்தக் கட்டத்துல கர்சர் ரொம்ப நேரம் மின்னிட்டே இருந்துச்சு. கடைசில அதையேதான் போட்டேன்.

மேஸ்திரி வீட்டைக் கடைசியா வச்சிருந்தேன். வரைபடம் போடுற சாஃப்ட்வேர் நீளம் அகலம் குடுத்தா தானா செங்கோணமா வரைஞ்சிடும், கோணலா போட விடாது. மூணு தடவை மாத்திப் பாத்தேன், மூணு தடவையும் நேராக்கிருச்சு. அந்த ரூமை மட்டும் கையால கோடு கோடா வரைஞ்சேன். ரெண்டு மூலைவிட்டத்தையும் புள்ளிக்கோடா போட்டு அளவு எழுதினேன், 20 அடி ஒன்றரை இன்ச், 19 அடி பத்தரை இன்ச். கீழ குறிப்புல, மதிப்பை பாதிக்காதுன்னு முதல்ல எழுதிட்டு, அப்புறம் இப்படி எழுதினேன்: ஒரு பக்கம் 2 இன்ச் விலகியுள்ளது, கட்டியவரே தெரிவித்தார்.